சுற்று எத்தனை?

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருத்தணியை அடைவதற்கு முன்பாகக் கனகம்மாசத்திரம் என்னும் ஊர் வருகிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், கால்நடையாக வந்த யாத்திரிகர்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் சத்திரங்களே அளித்து வந்த காலம் நினைவுக்கு வருகிறது. அருகில், காரைக்காலம்மையார் முக்தியடைந்த திருவாலங்காடு. அப்பால், ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திரண்டு செல்லும் திருத்தணிகை. மலைக்குப் படிகள் 365. நாளுக்கு ஒரு படி என்பது வழக்கு. அந்தத் திருத்தணி 1960-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதிதான் ஆந்திர ராஜ்யத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது என்பதும், அதற்காக ம. பொ. சிவஞானம் முதலியோர் எவ்வளவு பாடுபட்டனர் என்பதும் நேயர்கள் அறிந்தவையே. ஆயினும் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் எல்லைத் தகராறு அன்று. பிரபஞ்சத்தில் நம் கண்ணுக்குப் புலப்படாத திசை ஒன்று உண்டா, உண்டென்றால் அது கனகம்மாசத்திரத்துச் சாலையைப் போன்றதா, திருத்தணிக் கோயிலின் பிரகாரத்தைப் போன்றதா என்பதே விஷயம்.

சாலையில் ஒருவர் நடக்கிறார். பிரகாரத்தில் மற்றொருவர் வலம் வருகிறார். ஓர் அடி எடுத்து வைப்பதை மட்டும் பார்த்தால் இருவருக்கும் யாதொரு வேற்றுமையும் இல்லை. முன்னால் வைத்த அடியைப் பின்னால் வைத்துச் சரிசெய்து கொள்ளலாம். அடியோடு அடி கூட்டலாம். வேற்றுமை முழுவதையும் பார்க்கும்போதுதான் வெளியாகிறது. இருவரும் ஆளுக்கொரு நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு, நுனியைப் புறப்படும் இடத்தில் கட்டிவிட்டுச் செல்லுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் சென்றவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டுமானால் சென்ற வழியே மீள வேண்டும். நூல் முழுவதும் உருண்டையில் சுருண்டுவிடும். அவர் போய் வந்ததற்கு அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. வலம் வந்தவரோ நேராக நடந்தே புறப்பட்ட இடத்தை அடைந்துவிடுகிறார். ஆனால் நூல் மூலஸ்தானத்தைச் சுற்றிக் கிடக்கிறது. இழுத்தாலும் தளர்த்தினாலும் அது விடுபடுவதில்லை. மூன்று முறை வந்தால் மூன்று சுற்று, அப்பிரதட்சிணமாக ஒரு முறை போனால் ஒரு சுற்றுக் கழிவு. புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு இரண்டரைச் சுற்று என்ற கணக்கே கிடையாது. எப்போதும் முழு எண்தான்.

நீளத்தையும் கோணத்தையும் பொருட்படுத்தாமல், ஓர் உருவம் எவ்வாறு இணைந்திருக்கிறது, எங்கே ஓட்டை உள்ளது, எத்தனை விதமாகச் சுற்றலாம் என்பவற்றை மட்டும் விசாரிக்கும் கணிதத்துக்கு இடவியல் என்று பெயர். இது பிறந்த கதை சுவையானது. கோனிக்ஸ்பர்க் என்னும் நகரத்தில் ஓர் ஆற்றின் மீது ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்று அவ்வூரார் பொழுது போக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1736-ஆம் வருஷத்தில் ஆய்லர் என்னும் மகா கணிதர் முடியாது என்று நிரூபித்தார். பாலங்களின் நீளம் அவருக்குத் தேவைப்படவேயில்லை. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: ஏறக்குறைய 200 வருஷங்களுக்குப் பின்னர், அதே கோனிக்ஸ்பர்க்கில் குறைந்த வருவாயில் காலங்கழித்து வந்த தியோடர் கலூட்ஸா என்னும் ஆசிரியரிடமிருந்துதான் நம் ஐந்தாவது திசை புறப்பட்டது.

ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, ஆகர்ஷணம் என்பது தனியான ஒரு சக்தியன்று. நீளம், அகலம், உயரம், காலம் ஆகிய நான்கு பரிமாணங்கள் கொண்ட வெளியின் வளைவே அது. 1919-இல் கலூட்ஸா, பரிமாணங்கள் ஐந்து என்று வைத்துக்கொண்டு அதே சமன்பாடுகளை எழுதிப் பார்த்தார். அவற்றைப் பிரித்து நோக்கியபோது, ஒரு பகுதி ஐன்ஸ்டைனின் ஆகர்ஷண விதியாகவும், மற்றொரு பகுதி மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உரிய மாக்ஸ்வெல்லின் விதிகளாகவும் நின்றன! பின்லாந்து தேசத்து நார்ட்ஸ்ட்ராம் 1914-லேயே இப்படி ஒரு முயற்சி செய்திருந்தாலும், ஐன்ஸ்டைனின் முழுக் கொள்கையும் அப்போது வெளிவரவில்லை. கலூட்ஸா தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் முதலில் வியந்தார், பிறகு தயங்கினார், இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து 1921 டிசம்பரில்தான் பிரஷ்ய அகாடமியின் முன் வைத்தார். பெரியவர்களின் தயக்கத்தால் எத்தனை இளைஞர்களின் வருஷங்கள் கழிந்துபோகின்றன!

ஐந்தாவது திசை இருக்குமானால் அது ஏன் நமக்குத் தெரியவில்லை? 1926-இல் ஸ்வீடன் தேசத்து ஆஸ்கர் கிளைன் இதற்கு விடை கூறினார். அந்தத் திசை சாலையன்று, பிரகாரம் என்றார் அவர். அதிலும் மிகச் சிறிய பிரகாரம். நம் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் கண்காணாத ஒரு வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. அதன் சுற்றளவு அவர் கணக்கில் ஒரு சென்டிமீட்டரை 1-க்குப் பின் 30 சுழிகள் இட்ட எண்ணால் வகுத்தால் வருவதற்கும் சற்றுக் குறைவு.

இங்கேதான் நம் நூல் உருண்டை பயன்படுகிறது. ஒரு செயலைச் செய்த பின்பும் இயற்கையின் விதி மாறாதிருந்தால் அதைச் சமச்சீர் என்கிறோம். அத்தகைய செயல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தும், ஒன்றையொன்று கழித்தும் ஒரு குடும்பமாக வாழ்கின்றன. கணித நூலார் அதைக் குலம் என்பர். ஒவ்வொரு தொடர்ச்சியான சமச்சீருக்கும் ஈடாக, கூடாமலும் குறையாமலும் நிற்கும் ஓர் இருப்பு உண்டு என்று 1918-இல் எம்மி நோதர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி நிரூபித்துக் காட்டினார். சம்பளமின்றிப் பல காலம் பாடம் சொல்லிய அம்மையார் அவர். ஐந்தாவது திசையில் நகருவது ஒரு சமச்சீர். அதற்கு ஈடான இருப்பு எது? மின்னேற்றமே அது என்பது இக்கொள்கையின் விடை. எலெக்ட்ரானிலும் புரோட்டானிலும் உள்ள மின்னேற்றம், கண்காணாத பிரகாரத்தில் அவை ஓடும் ஓட்டத்தின் அளவேயன்றி வேறன்று.

அந்தத் திசை முடிவில்லாத சாலையாக இருந்திருந்தால், ஓட்டம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்; மின்னேற்றமும் கால், அரை, அரைக்காணி என்று எந்த அளவிலும் கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் மில்லிகன், 1909 முதல் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளில் மின்னேற்றம் எப்போதும் ஒரு குறித்த சிற்றளவின் முழு மடங்காகவே வந்தது. ஏன்? தட்டான் ஒரு வளையலில் அலை வேலைப்பாடு செதுக்குகிறான். ஏழு அலை செதுக்கலாம், எட்டு அலை செதுக்கலாம்; ஏழரை அலை செதுக்கினால் தொடங்கிய இடத்தில் வேலைப்பாடு ஒட்டாது. பருப்பொருளின் அணுக்களும் அலைத் தன்மை உடையவை என்று அக்காலத்தில் தெரிந்துவிட்டது. வளையத்தைச் சுற்றி வரும் அலை தன்னோடு தானே ஒட்டவேண்டுமாகையால் அலைகளின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். ஆகவே மின்னேற்றமும் முழு எண்ணாகவே வரும். (குவார்க்குகளில் மூன்றில் ஒரு பங்கு மின்னேற்றம் காணப்படுகிறதே என்று விஷயமறிந்த நேயர் கேட்கலாம். அளவுகோலை அந்த மூன்றில் ஒரு பங்காக வைத்துக்கொண்டால் கணக்கு மாறுவதில்லை.)

நேயர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சாலையிலும் பிரகாரத்திலும் அடியெடுத்து வைக்கும் விதி ஒன்றே. இரு குலங்களுக்கும் சிறிய செயல்கள் அனைத்தும் பொதுவானவை. வேறுபடுவது முழு உருவம், அதாவது இடவியல் ஒன்றுதான். அந்த ஒன்றிலிருந்தே மின்சாரம் ஏன் எண்ணி அளக்கப்படுகிறது என்ற கேள்விக்கு விடை வருகிறது. நாம் அறிந்த வரையில், இவ்வளவு சிறிய முதலீட்டுக்கு இவ்வளவு பெரிய லாபம் விஞ்ஞானத்தில் அரிது.

அதற்காக இக்கொள்கை உண்மை என்று நாம் முரசறையவில்லை. கிளைனின் கணக்குப்படி, ஒரு சுற்று அலையுள்ள அணுவின் எடை எலெக்ட்ரானின் எடையைப் போல லட்சம் கோடி கோடி மடங்குக்கும் மேலாக வருகிறது. இது சிறு பிழையன்று. எலெக்ட்ரானை இக்கொள்கை அப்படியே விவரிக்கவில்லை என்றே பொருள். பிற்காலத்தில் அணுக்கருவினுள் இயங்கும் சக்திகளையும் சேர்த்து, அவற்றின் சமச்சீர்க் குலங்கள் அனைத்தும் வெளியின் வடிவத்திலிருந்தே வரவேண்டுமானால் எத்தனை பரிமாணம் வேண்டும் என்று எட்வர்ட் விட்டன் 1981-இல் கணக்கிட்டார். நம் நான்குக்கு மேல் குறைந்தது ஏழு, ஆக 11 என்று விடை வந்தது. ஆனால் இயற்கை இடக்கைக்கும் வலக்கைக்கும் காட்டும் பட்சபாதத்தை இவ்வழியில் பெறுவது மிகவும் கடினம் என்பதும் அப்போதே புலனாயிற்று. அமெரிக்காவில் வாஷிங்டன் ஸர்வகலாசாலையினர் மிக நுட்பமான முறுக்குத் தராசு ஒன்றினால், 52 மைக்ரோமீட்டர் தூரம் வரையில் நியூட்டனின் ஆகர்ஷண விதி வழுவாமல் நிற்கிறது என்று 2020-இல் வெளியிட்டார்கள். சுருண்ட திசை ஏதேனும் இருப்பின் அதன் ஆரம் 30 மைக்ரோமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. தலைமயிரின் பருமனிலும் குறைந்த இடம் அது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள பெரிய மோதல் யந்திரத்திலும் கூடுதல் பரிமாணத்தின் அடையாளம் இதுவரை அகப்படவில்லை.

இதைப் படிக்கும்போதே, "நம் முன்னோர் பதினான்கு லோகம் என்று சொல்லிவிட்டார்களே, பதினொன்று என்ன பிரமாதம்?" என்று கூறத் துடிக்கும் அன்பர்கள் சிலர் உண்டு. அவர்களை நாம் வணக்கத்துடன் மறுக்கிறோம். புராணத்தின் லோகங்கள் வேறு. சமன்பாட்டின் பரிமாணங்கள் வேறு. தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாத ஒன்றைத் தராசில் வைத்தால் இரண்டுக்கும் மரியாதைக் குறைவு. பெருமை கொள்வதற்கு நமக்கு வேறு நியாயமான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லுவதற்கு முன் மற்றொரு பிரதட்சிணத்தைப் பார்க்கவேண்டும்.

சந்நிதியில் நின்று தம்மைத் தாமே சுற்றிக்கொள்வதை ஆத்மப் பிரதட்சிணம் என்கிறோம். ஒரு சுற்றுச் சுற்றியதும் பழைய நிலைக்கே வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். இது சரியா? வீட்டிலே பரீட்சித்துப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். வலது உள்ளங்கையின் மேல் ஒரு தட்டை வையுங்கள். தட்டு கவிழாதபடி, கையை உட்புறமாகத் திருப்பி, கக்கத்தின் கீழ் செலுத்தி ஒரு முழுச் சுற்று வாருங்கள். தட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் முழங்கை வானத்தை நோக்கி முறுக்கிக்கொண்டு நிற்கும். கையை ஒடித்துக்கொள்ளாமல் அதே திசையில் இன்னும் ஒரு சுற்றை, இம்முறை தலைக்கு மேலாகக் கொண்டு செல்லுங்கள். என்ன வியப்பு! முறுக்கு அதிகமாவதற்குப் பதிலாக முற்றிலும் அவிழ்ந்து, கை முன்போல் நேராகிவிடுகிறது. ஒரு சுற்றுச் சுற்றினால் சுற்றியதாகிறது. இரண்டு சுற்றுச் சுற்றினால் சுற்றாததாகிறது.

காகிதத்தின் மேல் வரைந்த ஓர் உருவத்தைத் தளத்தை விட்டு எழாமல் திருப்பும்போது சுற்றுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரகாரக் கணக்கைப் போலவே எல்லையின்றிக் கூடும். பரிமாணம் மூன்றானவுடன் அந்த முடிவற்ற கணக்கு ஒற்றை, இரட்டை என்ற இரண்டே நிலையாகச் சுருங்கிவிடுகிறது. நான்கு, ஐந்து, பத்து என்று திசைகளை எவ்வளவு கூட்டினாலும் அது இரண்டுதான். சுழற்சிக் குலத்தின் இந்த இரட்டைத் தன்மை வெறும் கைவித்தையன்று. எலெக்ட்ரான், நியூட்ரான் முதலியவை இதை அறிந்தே நடக்கின்றன. 1975-இல் ஐரோப்பாவில் ஒரு குழுவினரும் அமெரிக்காவில் ஒரு குழுவினரும் நியூட்ரான் கற்றை ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காந்தத்தால் சுழற்றி மற்றப் பாதியோடு சேர்த்துப் பார்த்தார்கள். 360 பாகை சுழன்ற நியூட்ரானின் அலை தலைகீழாகி வந்தது. 720 பாகை சுழன்ற பிறகே பழையபடி ஆயிற்று.

இந்த இரு சுற்று இனத்தாருக்கு இன்னொரு குணமும் உண்டு. சத்திரத்துப் பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்தானே? அதுபோல் ஒரு நிலையில் ஓர் எலெக்ட்ரானுக்கு மேல் அமராது. அதனால்தான் பொருள்கள் ஒன்றில் ஒன்று அமுங்கிவிடாமல் கட்டியாக நிற்கின்றன.

இனி நம் பெருமைக்கு வருவோம். அரசியல் நிர்ணய சபையில் புகழ்பெற்ற அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரின் குமாரர் அல்லாடி ராமகிருஷ்ணன். சென்னை மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸம் என்ற தம் இல்லத்தில் இளைஞர் சிலரைக் கூட்டி, பௌதிகத்தின் புதுத் துறைகளைப் பயிற்றுவித்து வந்தார். 1960-இல் அங்கே வந்திருந்த நீல்ஸ் போர், அந்த மாணவர் குழுவைக் கண்டு பத்திரிகையாளர்களிடம் மனமாரப் புகழ்ந்தார். அச்சொல் நேருஜியின் காதுக்கு எட்டியது; அப்போது கல்வி மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம் கைகொடுத்தார், 1962 ஜனவரியில் கணித விஞ்ஞான நிலையம் சென்னையில் தோன்றிற்று. ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒரு ராஜ்யத்தின் கலைக்கூடம் பிறந்ததென்றால் அது சிறிய காரியமா?

அல்லாடியாரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் சேலத்தில் 1938-இல் பிறந்த ஏ. பி. பாலசந்திரன். 1964-இல் அமெரிக்காவிலுள்ள ஸிரக்யூஸ் ஸர்வகலாசாலை சேர்ந்து, பௌதிகத்தில் இடவியலைப் புகுத்திய முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். டோனி ஸ்கிர்ம் என்னும் ஆங்கிலேயர் 1960-களின் தொடக்கத்தில், புரோட்டானும் நியூட்ரானும் ஒரு புலத்தில் விழுந்த அவிழாத சுற்றுகளே என்றும், சுற்றின் எண்ணிக்கையே அவற்றின் எண்ணிக்கை என்றும் கூறியிருந்தார். அதனை 20 வருஷம் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982-இல் பாலசந்திரனும், வி. பி. நாயர், எஸ். ஜி. ராஜீவ், ஸ்டெர்ன் ஆகியோரும் அதற்குப் புத்துயிர் அளித்தார்கள்.

ஸிரக்யூஸில் அவரோடு பணியாற்றிய ரஃபேல் ஸோர்கின் நம் கதையின் இரு கிளைகளையும் அறிந்தவர். ஐந்தாம் திசையின் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தால், தனித்த காந்தத் துருவம்போல் தோன்றும் ஓர் உருவம் வெறும் ஆகர்ஷணக் கொள்கையிலேயே உண்டாகும் என்று 1983-இல் காட்டினார். கிராஸும் பெரியும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். அதற்கு மூன்று வருஷம் முன்னதாக, 1980-இல், ஃப்ரீட்மனும் அவரும் எழுப்பிய கேள்வி இன்னும் ஆழமானது. வெளியே தன்மேல் முடிச்சிட்டுக்கொண்டிருந்தால், அந்த முடிச்சை ஒரு சுற்றுத் திருப்பினால் என்ன ஆகும்? ஆகர்ஷணக் கொள்கையின் சமச்சீர்க் குலம் மிகப் பெரியது: வெளியின் புள்ளிகளை இழை அறாமல் இடம் மாற்றும் வகைகள் யாவும் அதில் அடக்கம். சில முடிச்சுகளில் ஒரு சுற்றை அவிழ்க்க அக்குலத்தில் வழியுண்டு. சிலவற்றில் வழியே இல்லை. இரண்டாவது சுற்று வந்தால்தான் அவிழும். அப்படியானால், எலெக்ட்ரானையொத்த இரு சுற்று இனம், எந்தப் பொருளும் இல்லாத வெறும் வெளியிலிருந்தே தோன்றலாம்!

1989-இல் பாலசந்திரன், ஸோர்கின், நம் நாட்டுக் கணித அறிஞர் டி. ஆர். ராமதாஸ் உள்ளிட்ட அறுவர் இதை மேலும் ஆராய்ந்தார்கள். இரு சுற்று இனத்தார் ஓர் இலைக்கு ஒருவராகவே அமர்வர் என்ற நியதி, வெளியின் முடிச்சுகளுக்கும் தானாகப் பொருந்துமா? பொருந்தவேண்டிய கட்டாயமில்லை என்பது அவர்கள் கண்டது. நியதியை மீறிப் பந்தியில் அமரும் முடிச்சுகளைக் கணிதம் தடுக்கவில்லை. வெளியின் இடவியல் என்றும் மாறாது என்று கொள்ளும் வரையில் இந்த ஒழுங்கீனம் நீங்காது. முடிச்சுகள் தோன்றவும் மறையவும் இடங்கொடுத்தால் பழைய நியதி மீளக்கூடும் என்று ஸோர்கின் முதலியோர் கருதினர். ஆனால் முடிச்சு தோன்றவேண்டுமானால் வெளி ஓரிடத்தில் அறுந்து ஒட்ட வேண்டும். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அந்த ஒரு கணத்தில் என்ன சொல்லும் என்பதுதான் சிக்கல். அதற்கு ஆகர்ஷணத்தையும் அணுவியலையும் ஒன்றாக்கும் கொள்கை தேவை. ஸிரக்யூஸிலும் சென்னையிலும் வேறு பல இடங்களிலும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் இப்போது நடைபெறும் வேலைகளை வருகிற இதழில் எழுதுவோம். அதற்குள் தட்டு வித்தையைப் பழகிக்கொள்ளும் குடும்பத்தார் வெள்ளித் தட்டை விட்டுத் தகரத் தட்டை எடுத்துக்கொள்வது நலம்.